நாளைய சட்டையைத் துவைப்பது யார்?

மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருமுனையில் ஒரு டெய்லர் கடை இருந்தது. எண்பதுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தூர்தர்ஷனில் 'ஸ்டார் ட்ரெக்' பார்த்துவிட்டு, நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாளோடு நேராக அங்கே போய் நின்றேன். தாளில் கேப்டன் கிர்க்கின் சட்டையை வரைந்திருந்தேன். தீபாவளிக்கு அதுதான் வேண்டும்.

டெய்லர் தாளை வாங்கி, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"பட்டன் எங்க தம்பி?"

"கிடையாதுண்ணே."

"ஜிப்பு?"

"அதுவும் இல்லண்ணே."

"அப்ப தலை எது வழியா உள்ள போகும்?"

எனக்குத் தெரியவில்லை. "பாக்கெட்டையும் காணோமே, பஸ் பாஸை எங்க வைப்ப?" என்றார். அதற்கும் தெரியவில்லை. என்ன துணி என்று கேட்டதற்கு, வெல்வெட் மாதிரி வழவழவென்று இருக்கும், கலர் மட்டும் தெரியாது, எங்கள் வீட்டு டி.வி. கறுப்பு வெள்ளை என்றேன். அவர் தாளை மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"வெல்வெட்டைத் தண்ணியில போட்டா சுருங்கிரும் தம்பி. அப்புறம் உங்கம்மா வந்து என்னைத்தான் பிடிப்பாங்க."

அந்த தீபாவளிக்கு எனக்கு இரண்டு பாக்கெட் வைத்த கட்டம்போட்ட பாலியஸ்டர் சட்டை. டெய்லர் சொன்னது எவ்வளவு சரி என்று தெரிய இருபது வருடம் ஆனது. ஹாலிவுட் அதே பாடத்தைக் கைக்காசு செலவழித்துக் கற்றிருக்கிறது.

1966-ல் அமெரிக்காவில் தொடங்கிய அந்தத் தொடருக்கு உடை வடிவமைத்தவர் வில்லியம் வேர் தீஸ். முதல் இரண்டு சீசனுக்கும் அவர் எடுத்த துணி வெலூர். வெல்வெட்டுக்குத் தூரத்துச் சொந்தம்; விளக்கு பட்டால் மெல்ல மினுங்கும். ஆனால் சலவைக்குப் போய்வரும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சுருங்கியது. சட்டை சிறுத்ததா, ஆள் பெருத்தாரா என்று பார்ப்பவர்களுக்குச் சந்தேகம் வரும் அளவுக்குப் போய், மூன்றாவது சீசனில் நைலானுக்கு மாறினார்கள். இன்னொரு வேடிக்கையும் உண்டு. கேப்டனின் சட்டை பொன்மஞ்சள் என்றே உலகம் நினைத்திருந்தது. உண்மையில் அந்த வெலூர் பச்சை. படப்பிடிப்பு விளக்கும் ஃபிலிமும் சேர்ந்து அதை மஞ்சளாக்கிவிட்டன. கறுப்பு வெள்ளையில் பார்த்த நான் பெரிதாக எதையும் இழந்துவிடவில்லை.

1987-ல் 'த நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடங்கியபோது உடைப் பொறுப்பு மறுபடி தீஸிடமே வந்தது. இந்தத் தடவை ஸ்பாண்டெக்ஸ். கழுத்திலிருந்து கணுக்கால்வரை ஒரே துண்டு. எங்கேயும் சுருக்கம் விழக்கூடாது என்று அளவைக் குறைத்து, இழுத்துப் பிடிக்கும்படி தைத்தார்கள். நாள் முழுக்க அதற்குள் நின்ற நடிகர்களுக்குத் தோளும் முதுகும் கழன்றுவிட்டன. கேப்டன் பிகார்டாக நடித்த பேட்ரிக் ஸ்டூவர்ட் முதுகுவலிக்கு வைத்தியரிடம் போகவேண்டி வந்தது. மூன்றாவது சீசனில் ராபர்ட் பிளாக்மன் என்ற புது வடிவமைப்பாளர் வந்து, கம்பளித் துணியில் மேல்சட்டை தனி, கால்சட்டை தனி என்று பிரித்துத் தைத்துக் கொடுத்தார். முதுகு பிழைத்தது. ஆனால் உட்கார்ந்து எழுந்தால் மேல்சட்டை மேலே ஏறிக்கொண்டது. எழும்போதெல்லாம் ஸ்டூவர்ட் இரண்டு கையாலும் அதைக் கீழே இழுத்துவிடுவார். ரசிகர்கள் இந்த இழுப்புக்கு ஏதோ போர்த் தந்திரம் போல 'பிகார்ட் மனூவர்' என்று பெயர் வைத்தார்கள். இருபத்துநான்காம் நூற்றாண்டின் விண்கலத் தலைவர், புது ஜிப்பா ஏறிக்கொண்ட மாப்பிள்ளைத் தோழனைப் போல நிற்பதைப் பார்த்தால் எனக்கு அவர்மேல் தனிப் பிரியம் வரும். அந்த ஒரு நொடியில்தான் அவர் போட்டிருப்பது உடையாகத் தெரிகிறது.

அன்றிலிருந்து எதிர்காலத்தைக் காட்டும் படம் எதுவானாலும் என் கண் முதலில் போவது பட்டனுக்கு. பிறகு பாக்கெட். அதற்குப் பிறகு, இதை யார் துவைப்பார்கள், எதில் காயவைப்பார்கள் என்ற கேள்வி. பெரும்பாலான படங்கள் இந்தப் பரீட்சையில் தோற்றுப்போகின்றன. அந்த உலகங்களில் அழுக்கு கிடையாது. ஆகவே அழுக்கெடுப்பவரும் கிடையாது. தையல் தெரியாது, ஆகவே தைத்தவரும் கிடையாது. சுவரிலிருந்தோ குழாயிலிருந்தோ சட்டை வந்துவிடுகிறது.

வெள்ளி எங்கிருந்து வந்தது?

எதிர்காலம் என்றாலே வெள்ளிப் பளபளப்பு என்ற வழக்கத்தை யார் ஆரம்பித்தார்கள் என்று தேடினால் நூறு வருடம் பின்னால் போகவேண்டும். 1924-ல் சோவியத் ரஷ்யாவில் யாகோவ் புரோட்டஸனோவ் எடுத்த 'ஏலிட்டா'வில் செவ்வாய்க் கிரகத்துக்கு உடை வடிவமைத்தவர் அலெக்ஸாண்ட்ரா எக்ஸ்டர் என்ற ஓவியர். ராணியின் தலையில் ஆண்டெனா மாதிரி கம்பிகள். பணிப்பெண்ணுக்கு விறைத்த பட்டைகளால் கட்டிய கூண்டு போன்ற கால்சட்டை. நடப்பதற்கு லாயக்கில்லாத உடைதான், பார்க்க மட்டும் அவ்வளவு அழகு. அவர் பட்டையும் பருத்தியையும் ஒதுக்கிவிட்டு, வெளிச்சத்தைத் திருப்பியடிக்கும் பொருள்களைத் தேடியதற்குக் காரணம் எளிது என்று நினைக்கிறேன். மௌனப்படத்துக்கு வண்ணம் கிடையாது, வெளிச்சம்தான் உண்டு. சிவப்புப் பட்டும் நீலப் பட்டும் அங்கே ஒரே சாம்பல். தகடு மட்டும் தகடாகவே தெரியும்.

மூன்று வருடம் கழித்து ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் லாங்கின் 'மெட்ரோபோலிஸ்'. அதில் வரும் இயந்திரப் பெண்தான் இன்றுவரை எல்லா வெள்ளி உடைக்கும் பாட்டி. சிற்பி வால்டர் ஷுல்ட்சே-மிட்டன்டார்ஃப், நடிகை பிரிகிட்டே ஹெல்மின் உடலை அச்செடுத்து அந்தக் கவசத்தைச் செய்தார். உலோகம் என்று உலகம் நம்பிய அது உலோகமே இல்லை. மரத்தின் சந்து பொந்தை அடைக்கும் ஒரு கூழைப் பூசி, காயவைத்து, தேய்த்து, மேலே உலோகச் சாயம் தெளித்திருந்தார்கள். நின்ற நிலையில் அச்செடுத்ததால் உட்கார்ந்தாலோ குனிந்தாலோ அது உடம்பைக் கிழித்தது. எதிர்கால உடைக்குள் இருப்பவருக்கு மூச்சுவிட முடியாது என்ற மரபும் அங்கேதான் ஆரம்பித்தது போலும்.

அந்தப் படத்தைப் பார்த்து எரிச்சலடைந்தவர்களில் ஒருவர் எச்.ஜி. வெல்ஸ். தான் பார்த்ததிலேயே அசட்டுத்தனமான படம் என்று பத்திரிகையில் வறுத்தெடுத்தார். பிறகு 1936-ல் அவரே திரைக்கதை எழுதிய 'திங்ஸ் டு கம்' வந்தது. அதில் 2036-ஆம் ஆண்டு மனிதர்கள் பட்டை வைத்த அகலத் தோளும், முதுகில் தொங்கும் போர்வையும், வெற்று முழங்காலுமாகத் திரிகிறார்கள். ரோமாபுரிக்காரன் ஜிம்முக்குப் போய்வந்த மாதிரி. அந்தக் கெடுவுக்கு இன்னும் ஒரு பத்தாண்டுதான் மிச்சம். முழங்காலைத் தயார்செய்து வைத்துக்கொள்ளலாம்.

வெள்ளிக்கு உண்மையான முத்திரை குத்தியது அறுபதுகளின் விண்வெளி வீரர்கள். மெர்க்குரி திட்டத்தில் போன அமெரிக்கர்கள் அலுமினியம் பூசிய நைலான் உடையில் பளபளவென்று படம் எடுத்துக்கொண்டார்கள். பாரிஸில் 1964-ல் ஆந்த்ரே குரேஜ் 'விண்வெளி யுகம்' என்று வெள்ளையும் வெள்ளியுமாக உடைகளைக் கொண்டுவந்தார். பாக்கோ ரபான் 1966-ல் துணியே இல்லாமல் பிளாஸ்டிக் வில்லைகளைக் கம்பி வளையத்தால் கோத்து கவுன் செய்தார். அணிய முடியாத உடைகள் என்று அவரே பெயர் சூட்டிவிட்டதால் நாம் குறைசொல்ல ஒன்றுமில்லை. 1968-ல் 'பார்பரெல்லா' அந்த ருசியிலேயே வந்தது.

ஆனால் நிலவில் நிஜமாகவே கால்வைத்த உடை வெள்ளி இல்லை, வெள்ளை. அதைத் தைத்த கம்பெனி பெண்களின் உள்ளாடைக்குப் பேர்போனது. பிளேடெக்ஸ் பிராவும் இடுப்புக் கச்சையும் செய்துகொண்டிருந்த இன்டர்நேஷனல் லேட்டக்ஸ் கார்ப்பரேஷன்தான் அப்போலோ உடையைச் செய்தது. டெலவேர் மாநிலத்து டோவர் ஊரில், தையல் மிஷினில் உட்கார்ந்து, ஒன்றின்மேல் ஒன்றாக இருபத்தோரு அடுக்கைப் பெண்கள் தைத்தார்கள். நூலிழை பிசகக் கூடாது. குண்டூசி ஒன்று உள்ளே தங்கிவிட்டால் மேலே போனவரின் உயிர் போய்விடும் என்று, தைத்து முடித்த உடையை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். 1967 ஜனவரியில் அப்போலோ-1 தீ விபத்தில் மூவர் இறந்தபின், வெளியுறைக்குக் கண்ணாடி இழையில் நெய்து டெஃப்லான் பூசிய, தீப்பிடிக்காத பீட்டா துணி வந்தது. அதையும் தைக்கவேண்டியவர்கள் அந்தப் பெண்களே. மெல்ல ஊசி ஏற்றி, மெல்ல மிதித்து. இந்தக் காட்சியை எந்த விஞ்ஞானப் படமும் அப்போது காட்டவில்லை. ராக்கெட் இருந்தது, கம்ப்யூட்டர் இருந்தது, தையல் மிஷின் இல்லை.

வீட்டுக்காரம்மாவின் கேள்வி

துணிக்குப் பின்னால் இருக்கும் ஆட்களை அதற்கு முன்பே காட்டிய படம் ஒன்று உண்டு. ஆனால் அதை யாரும் விஞ்ஞானப் பட வரிசையில் வைப்பதில்லை. நகைச்சுவைப் பட அலமாரியில் செருகிவிடுகிறார்கள். 1951-ல் பிரிட்டனின் ஈலிங் ஸ்டூடியோ எடுத்த 'த மேன் இன் த ஒயிட் சூட்'. இயக்கம் அலெக்ஸாண்டர் மெக்கெண்ட்ரிக், நாயகன் அலெக் கின்னஸ். எதிர்கால உடையைப் பற்றி இதுவரை வந்ததில் இதுவே முதல் தரம் என்பது என் கட்சி. விண்கலம் இல்லை, ரோபோ இல்லை, இங்கிலாந்தின் வடக்கே புகை கக்கும் ஒரு மில் ஊர்தான்.

சிட்னி ஸ்ட்ராட்டன் என்ற இளைஞர் மில்லுக்கு மில் ஏதோ வேலையில் சேர்ந்து, ஆய்வுக்கூடத்தின் ஓரத்தில் யாருக்கும் தெரியாமல் தன் குழாய்களையும் குடுவைகளையும் வைத்துப் பரிசோதனை செய்கிறார். அந்தக் கருவி போடும் குளுகுளு, பொளபொளச் சத்தம் படம் முழுக்க ஒரு கதாபாத்திரம் மாதிரியே கூட வரும். பல வெடிப்புகளுக்குப் பிறகு நூல் வந்துவிடுகிறது. அறுபடாது, அழுக்கும் ஒட்டாது. சாயமும் ஏறாது, ஆகவே வெள்ளை. இருட்டில் லேசாக ஒளிரவும் செய்கிறது. அதில் ஒரு சூட் தைத்துப் போட்டுக்கொண்டு சிட்னி வெளியே வருகிறார், உலகம் கையெடுத்துக் கும்பிடும் என்ற எண்ணத்தில்.

கும்பிடவில்லை, துரத்துகிறது. கிழியாத துணியை ஒருவர் ஒருமுறை வாங்கினால் அப்புறம் எதற்கு மில் என்று முதலாளிகள் மிரள்கிறார்கள். தறி நின்றால் சோறு எங்கே என்று தொழிலாளிகள் மிரள்கிறார்கள். வேறு எந்த விஷயத்திலும் ஒத்துப்போகாத இரு தரப்பும் இந்த ஓர் ஆளைப் பிடிப்பதில் கைகோத்துக்கொள்கின்றன. இரவில் ஓடி ஒளியப் பார்த்தால் சூட் விளக்கு மாதிரி எரிந்து காட்டிக்கொடுக்கிறது.

அந்த ஓட்டத்தின் நடுவே ஒரு சந்தில் அவருடைய வீட்டுக்காரம்மா எதிரே வருகிறார். வயதானவர், நாலு வீட்டுத் துணியைத் துவைத்துக் கொடுத்துச் செலவைச் சரிக்கட்டுபவர். மறைத்துக்கொள்ள ஏதாவது கொடுங்கள் என்று சிட்னி கெஞ்ச, அந்த அம்மாள் கோபமாகக்கூட இல்லாமல் ஒன்றைக் கேட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார். துவைக்க எதுவுமே இல்லை என்றால் என் பிழைப்பு என்ன ஆவது என்பது அதன் சாரம். சிட்னியின் முகம் அப்போதுதான் முதல்முறையாக மாறுகிறது. மில் முதலாளிகளின் வாதத்துக்கு மசியாத மனுஷன், ஒரு துணிக்கூடைக்கு முன்னால் வாயடைத்து நிற்கிறார். அந்த ஒரு நிமிஷத்துக்காக இந்தப் படத்தைத் திருப்பூரிலும் ஈரோட்டிலும் மைதானத்தில் திரை கட்டிப் போடலாம். சிரித்துக்கொண்டே பார்ப்பவர்கள் அங்கே வந்ததும் கொஞ்சம் அமைதியாவார்கள்.

படம் ஆகாயத்திலிருந்து விழுந்ததில்லை. வின்ஃபீல்டும் டிக்சனும் டெரிலினைக் கண்டுபிடித்தது 1941-ல், அதே வட இங்கிலாந்தில். கசங்காத, இஸ்திரி கேட்காத துணி வீடுகளுக்குள் வரவிருந்த நேரம் அது. நம் ஊரிலும் அடுத்த தலைமுறை அதைக் கொண்டாடியது. டெரிலின் சட்டையை ராத்திரி அலசி உதறிப்போட்டால் காலையில் போட்டுக்கொள்ளலாம் என்பதைப் பெரியப்பா ஒரு விஞ்ஞான அதிசயமாகவே சொல்வார். வியர்வை உறிஞ்சாது என்பதைச் சொல்லமாட்டார்.

அழுக்கு வந்து சேர்ந்த கதை

வெள்ளி மெருகை முதலில் துடைத்தது ஸ்டான்லி குப்ரிக். 1968-ன் '2001: எ ஸ்பேஸ் ஒடிசி'க்கு அவர் அழைத்தது எலிசபெத் ராணிக்கு உடை தைத்த ஹார்டி ஏமிஸை. விண்வெளி நிலையத்தில் அதிகாரிகள் கோட்டு சூட்டோடு உட்கார்ந்து பேசுகிறார்கள். அடக்கமான வெட்டு, அவ்வளவுதான். பான் ஆம் பணிப்பெண்கள் தலையில் பஞ்சு வைத்த வெள்ளைக் குல்லா. எடையில்லாத இடத்தில் கூரையில் முட்டிக்கொள்ளாமல் இருக்க என்று ஒரு காரணம் தெரிகிறது. காலணியும் தரையைப் பிடித்துக்கொள்ளும் வகை. இந்த உடைகளில் யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். 2001 வந்தபோது சூட் இருந்தது. பான் ஆம் விமானக் கம்பெனிதான் 1991-லேயே மூடிப்போயிருந்தது.

அழுக்கு வந்தது 1977-ல். 'ஸ்டார் வார்ஸ்' உடைக்காரர் ஜான் மோலோ விஞ்ஞானப் பட ஆசாமியே இல்லை. ராணுவச் சீருடைகளின் வரலாற்றை எழுதியவர். எந்தப் படையின் பொத்தான் எந்தப் போரில் மாறியது என்பது அவருக்கு விரல் நுனி. உடை கண்ணில் உறுத்தக்கூடாது என்பது இயக்குநர் ஜார்ஜ் லூகாஸின் விருப்பம். எனவே பாலைவனத்துப் பையனுக்குத் தளர்ந்த மேல்சட்டை, காலில் துணிச் சுற்று, எல்லாம் புழுதி. வெள்ளை வெளேரென்று இருப்பவர்கள் கொடுங்கோலனின் சிப்பாய்கள் மட்டும். அந்தப் பிளாஸ்டிக் கவசத்தில் ஒழுங்காக உட்காரக்கூட முடியாது என்பது வேறு விஷயம். (அதன் தலைக்கவசம் சிற்பமா, படத்துக்கான சாமானா என்று லண்டனில் வழக்கே நடந்தது. சிற்பம் இல்லை என்று 2011-ல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.) மோலோவுக்கு ஆஸ்கர் கிடைத்தது.

அதே மோலோ 1979-ல் ரிட்லி ஸ்காட்டின் 'ஏலியன்'. எனக்கு இது இன்னும் பிடிக்கும். நாஸ்ட்ரோமோ ஒரு சரக்குக் கப்பல். அதில் இருப்பவர்கள் கூலிக்கு ஓட்டும் ஆட்கள். ஒருவர் பூப்போட்ட ஹவாய் சட்டையும் தொப்பியுமாகச் சுற்றுகிறார். சட்டைக் கையில் ஒட்டிய முத்திரைத் துணிகள் வெளுத்திருக்கின்றன. நாமக்கல் லாரியின் கேபினில் கிளீனரும் டிரைவரும் இருக்கும் அந்தத் தோரணை. வெளியே இறங்கும்போது போடும் பெரிய விண்வெளி உடையை வரைந்தவர் பிரெஞ்சுக் காமிக்ஸ் கலைஞர் மோபியஸ். விண்கலத்தின் காலைப் பிரம்மாண்டமாகக் காட்ட, அதே உடையைச் சின்னதாகத் தைத்துச் சிறுவர்களுக்கு மாட்டி நடக்கவிட்டார் ஸ்காட். அவருடைய பிள்ளைகளும் அதில் உண்டு.

மூன்று வருடம் கழித்து அவரே எடுத்த 'பிளேடு ரன்னர்' நடப்பது 2019 நவம்பர் லாஸ் ஏஞ்சலிஸில். மைக்கேல் கப்லனும் சார்ல்ஸ் நோடும் செய்த உடைகளில் ரேச்சலின் தோள் தூக்கிய கோட்டு அப்படியே 1940-களின் ஹாலிவுட். முன்னால் போகவேண்டிய படம் பின்னால் போய் ஒரு பழைய அலமாரியைத் திறந்துகொண்டது. அதனால்தானோ என்னவோ, 2019 வந்து போனபிறகும் அந்தக் கோட்டு பழையதாகத் தெரியவில்லை; ஏற்கெனவே பழையது எப்படிப் பழையதாகும்?

ஈரத்தை நினைத்த படம் என்று 1989-ன் 'பேக் டு த ஃபியூச்சர்' இரண்டாம் பாகத்துக்கு ஒரு பாராட்டுச் சொல்லவேண்டும். 2015-ன் ஜாக்கெட் நனைந்தால் தானே ஊதிக் காயவைத்துக்கொள்கிறது. பையன்கள் பேன்ட் பாக்கெட்டை வெளியே இழுத்துவிட்டு நடக்கிறார்கள். அதைப் பார்த்தால் எங்கள் டெய்லர் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். தானே கயிறு கட்டிக்கொள்ளும் நைக்கி ஷூவை மட்டும் உலகம் விடவில்லை. கட்டிக்கொள்ளாத மாதிரியை 2011-ல் 1500 ஜோடி ஏலம் விட்டார்கள். நிஜமாகவே கட்டிக்கொள்வது 2016-ல் வந்தது. கையால் குனிந்து முடிச்சுப் போடும் நம் வழக்கம் அதனால் ஒன்றும் ஒழிந்துவிடவில்லை.

ஓர் ஊக்கு

கூட்டிக் கூட்டிச் சேர்த்த படங்களுக்கு நடுவே கழித்துப் பார்த்தது 2013-ன் 'ஹெர்'. இயக்குநர் ஸ்பைக் ஜோன்ஸும் உடை வடிவமைப்பாளர் கேஸி ஸ்டார்மும் புதிதாக ஒன்றையும் கண்டுபிடிக்கவில்லை. ஜீன்ஸை, பெல்ட்டை, டையை எடுத்துவிட்டார்கள். பேன்ட்டின் இடுப்பைத் தொப்புளுக்கு மேலே ஏற்றிவிட்டார்கள்; நம் தாத்தாக்கள் அரைக்கால் சட்டை போட்ட உயரம். இவ்வளவுதான், ஆனால் தெருவில் நடப்பவர்களைப் பார்த்ததும் இது நம் ஊரும் இல்லை, நம் வருஷமும் இல்லை என்று பட்டுவிடுகிறது. மறைந்துபோன பொருள் ஒன்று, புதுப்பொருள் பத்தைவிடக் காலத்தை நன்றாகச் சொல்லும். தெருவில் குடையையோ, சட்டைப் பையில் பேனாவையோ காணோம் என்று நமக்குத் திடீரென்று உறைக்கும்போது வரும் அதே உணர்வு.

நாயகன் தியோடர் காதலிப்பது ஒரு கம்ப்யூட்டர் குரலை. அந்தக் குரல் உலகத்தைப் பார்ப்பது அவர் சட்டைப் பையில் இருக்கும் சின்னக் கருவியின் கேமரா வழியாக. பை ஆழம்; கருவி உள்ளே விழுந்துவிட்டால் காதலிக்குக் கண் தெரியாது. அதற்குத் தியோடர் செய்யும் ஏற்பாடு, பையின் நடுவே குறுக்காக ஓர் ஊக்கு. கருவி அதன்மேல் நின்று எட்டிப் பார்க்கிறது. பாக்கெட்டும் ஊக்கும் வைத்த அந்தச் சட்டையைத் திரையில் கண்டபோது, எதிர்காலம் கடைசியில் ஒருவழியாக வந்துவிட்டது என்றே எனக்குத் தோன்றியது. உலகத்தில் மாறாதது என்று எதையாவது பந்தயம் கட்டச் சொன்னால் நான் ஊக்கின்மேல் கட்டுவேன்.

வியர்வையை மறக்காத கதை 'டியூன்'. ஃபிராங்க் ஹெர்பர்ட் 1965-ல் எழுதிய நாவலில் தண்ணீரே இல்லாத கிரகத்து மனிதர்கள் ஒரு ஸ்டில்சூட் அணிகிறார்கள். வியர்வை, மூச்சின் ஈரம், சிறுநீர் எல்லாவற்றையும் வடிகட்டிக் குடிநீராக்கித் திருப்பிக் கொடுக்கும் உடை. 2021-ல் டெனி வில்நவ் படத்துக்கு ஜாக்குலின் வெஸ்டும் பாப் மோர்கனும் அதைத் தைத்தார்கள். அங்கே ஒருவரின் உடை ஒழுகுகிறதா, இழுத்துக் கட்டியிருக்கிறாரா என்று பார்த்தாலே ஊருக்குப் புதியவரா என்று தெரிந்துவிடும்.

நம் பக்கத்து ஆட்களும் எதிர்காலத்தில் இருப்பார்கள் என்று திரை ஒப்புக்கொள்ள வெகுகாலம் ஆனது. உலகம் ஒன்றுபட்ட பிறகும் எல்லோரும் ஒரே சட்டை, ஒரே கால்சட்டை. தைக்காத துணியை உடுத்தத் தெரிந்த கோடிக்கணக்கானோர் எங்கே போனார்களோ. 2015-ல் தொடங்கிய 'தி எக்ஸ்பான்ஸ்' தொடரில் ஐ.நா.வின் பெருந்தலைவராக வரும் கிறிஸ்ஜென் அவசரலா புடவையும் கனத்த நகையுமாக வந்து நிற்கும்போது ஒரு நிம்மதி. நடித்தவர் ஈரானில் பிறந்த ஷோரே அக்தாஷ்லூ. அவர் வசைபாடும்போது முந்தானை தோளில் நிற்கும் நேர்த்தியே தனி. (எடையில்லாத இடத்தில் அந்த முந்தானை எந்தப் பக்கம் போகும் என்று ஊக்குக் கட்சிக்காரனான எனக்குக் கவலை.) 2018-ல் 'பிளாக் பேந்தர்' படத்தில் ரூத் கார்ட்டர், ஜூலு பெண்களின் அகன்ற தலையணியை முப்பரிமாண அச்சில் வார்த்து ராணிக்குச் சூட்டினார், ஆஸ்கரும் வாங்கினார். நாம் 2010-ல் 'எந்திரன்' எடுத்தபோது, 'மென் இன் பிளாக்' செய்த மேரி வோக்ட்டை ஹாலிவுட்டிலிருந்தே வரவழைத்துக்கொண்டோம். சிட்டி ரோபோவுக்கு வியர்க்காது என்பதால் அந்தக் கோட்டுகளை மன்னித்துவிடலாம். 'மேட்ரிக்ஸ்' பார்த்துவிட்டு மே மாதத்து மீனம்பாக்கத்தில் கறுப்பு லெதர் கோட்டோடு நடந்த நம் கதாநாயகர்களை மன்னிப்பது கஷ்டம்.

இப்போது வண்டி எதிர்ப்பக்கமாகவும் ஓடுகிறது. 2020 மே மாதம் ஸ்பேஸ்எக்ஸ் கலத்தில் இருவர் போட்டுச் சென்ற ஒடிசலான வெள்ளை உடையின் தோற்றத்தை வடிவமைத்தவர் ஹோசே ஃபெர்னாண்டஸ், சூப்பர் ஹீரோ படங்களுக்கு உடை செய்தவர். முதலில் அழகு, அதற்குள் காற்றும் அழுத்தமும் எப்படி அடங்கும் என்று பொறியாளர்கள் பிறகு மண்டையை உடைத்துக்கொண்டார்கள். மறுபடி நிலவில் நடப்பதற்கான உடையை 2023 மார்ச்சில் ஆக்ஸியம் கம்பெனி காட்டியபோது அது கரும் சாம்பலில், ஆரஞ்சும் நீலமுமாகக் கோடுபோட்டு ஜம்மென்று இருந்தது. அந்த மேலுறையைச் செய்தவர் 'ஃபார் ஆல் மேன்கைண்ட்' தொடரின் உடை வடிவமைப்பாளர் எஸ்தர் மார்க்விஸ். அது காட்சிக்கு மட்டும். நிலவில் கறுப்பு போட்டால் வெந்துபோவார்கள், போகப்போவது வெள்ளைதான். அந்த வெள்ளைக்குத் துணை நிற்பது இத்தாலியின் பிராடா. உள்ளாடைக் கம்பெனி இருந்த இடத்தில் ஃபேஷன் கம்பெனி. ஆக, தையல் தெரிந்தவர் இல்லாமல் வேலை நடக்கவில்லை.

துவைப்பது? அங்கே இன்னும் யாரும் துவைக்கவில்லை. சர்வதேச விண்வெளி நிலையத்தில் சலவை மிஷின் கிடையாது. தண்ணீர் அவ்வளவு அருமை. போட்டதையே போட்டு, தாங்காதபோது மூட்டை கட்டுகிறார்கள். ஒரு ஆளுக்கு வருடத்துக்கு எழுபது கிலோவுக்கு மேல் துணி மேலே போகிறது. 2009-ல் ஜப்பானின் கொய்ச்சி வகாட்டா, நாற்றம் பிடிக்காத துணியில் ஜப்பானில் தைத்த உள்ளாடையை ஒரு மாதம் கழற்றாமல் போட்டுப் பார்த்தார். கூட இருந்தவர்கள் யாரும் புகார் சொல்லவில்லை என்று அவரே அறிவித்தார். 2021-ல் டைட் சோப்புத்தூள் கம்பெனியோடு நாசா ஒப்பந்தம் போட்டது, விண்வெளியில் துவைக்க ஒரு சோப்பு செய்ய.

அதுவரைக்கும் அழுக்குத் துணியையும் மற்றக் குப்பையையும் காலியான சரக்குக் கலத்தில் திணித்து, கதவைச் சாத்தி, அவிழ்த்துவிடுகிறார்கள். அது மெல்ல இறங்கி, காற்று மண்டலத்தில் உரசி, ஆளில்லாத கடலுக்கு மேலே எரிகிறது. பனியன், காலுறை, உடற்பயிற்சி செய்த டி-ஷர்ட்டு எல்லாம் சேர்ந்து வானத்தில் சில விநாடி ஒரு கோடு.